கரைய மறுத்த ஆதிகுடிகள்

முன்பின் அறியாத ஒரு பெண்ணைச் சந்தித்தால் நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்பது மூன்றே கேள்விகள்தாம். "உன் பெயர் என்னம்மா? எந்த ஊர்? யார் வீட்டுப் பிள்ளை?" இம்மூன்றுக்கும் விடை சொல்லத் தெரிந்தவள் தான் யார் என்பதை அறிந்தவள். அவளிடமிருந்து பெயரையும், ஊரையும், உறவையும் பறித்துக்கொண்டு, அவற்றுக்கு ஈடாக ஒரு புது உடையையும், உணவையும், எழுத்தறிவையும் கொடுத்தால் அது கொடையாகுமா, கொள்ளையாகுமா?

இவ்வாண்டு எங்கள் வரலாற்று மன்றத்தில் நாங்கள் எடுத்துக்கொண்ட பொருள் ஆஸ்திரேலியா. கங்காரு, கம்பளி, கிரிக்கெட் ஆகிய மூன்றைத் தவிர அந்நாட்டைப் பற்றி நாங்கள் அறிந்திருந்தது மிகக் குறைவு. படிக்கப் படிக்க மேற்சொன்ன கேள்வியே எங்கள் முன் வந்து நின்றது. அந்நாட்டின் ஆதிகுடிகளுடைய வரலாறு முழுவதும் இக்கேள்விக்குள் அடங்கிவிடுகிறது என்றால் அது மிகையாகாது. நாங்கள் அறிந்துகொண்டவற்றைத் தோழியருடன் இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

வெற்று நிலமா?

1770-ஆம் ஆண்டில் மாலுமி ஜேம்ஸ் குக் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையை ஆங்கில மன்னருக்கு உரியதென அறிவித்தார். 1788 ஜனவரி 26-ஆம் நாள் ஆர்தர் பிலிப் என்பவரின் தலைமையில் பதினொரு கப்பல்களில் வந்த கைதிகளும் காவலர்களும் சிட்னித் துறையில் குடியேறினர். வந்தவர்களின் சட்டப் பார்வையில் அது யாருக்கும் உரிமையில்லாத நிலம். உழுத வயலும் இல்லை, வேலியும் இல்லை, பத்திரமும் இல்லை. ஆகவே அங்கு வாழ்ந்தவர்களிடம் உடன்படிக்கை செய்துகொள்ளவும் தேவையில்லை என்று கருதினர்.

ஆனால் அந்நிலத்தில் மக்கள் வாழத் தொடங்கிக் குறைந்தது ஐம்பதாயிரம் ஆண்டுகள் ஆகியிருந்தன. இருநூற்று ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகள் அங்கு வழங்கின. இம்மக்கள் ஒரே இனக்குழுவினர் அல்லர். தத்தமக்கு எல்லையும், மொழியும், சட்டமும் உடைய பல நூறு குடியினர். நிலத்தை அவர்கள் பயன்படுத்தாமலும் விட்டுவிடவில்லை. காலமறிந்து சிறு சிறு தீயிட்டுப் புல்வெளிகளைப் புதுப்பித்தனர். விக்டோரியா மாநிலத்தில் பட்ஜ் பிம் என்னுமிடத்தில் குண்டிட்ஜ்மாரா மக்கள் எரிமலைக் கற்களைக் கொண்டு கால்வாய்களும் அணைகளும் கட்டி விலாங்கு மீன் வளர்த்தனர். அந்த அமைப்பின் வயது ஆறாயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு மேல். 2019-இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ அமைப்பு அதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. வேலியில்லை என்பதற்காக உரிமையில்லை என்றாகிவிடுமா?

நிலமே நூல்

அவர்களுடைய பண்பாட்டை அறிய விரும்புவோர் முதலில் அறிய வேண்டியது, நிலத்தோடு அவர்களுக்குள்ள உறவை. உலகம் உருவான காலத்தில் முன்னோர்கள் நிலத்தின்மீது நடந்து சென்று மலையையும், சுனையையும், விலங்குகளையும் தோற்றுவித்தனர் என்பது அவர்களின் நம்பிக்கை. ஆங்கிலத்தில் இதனைக் 'கனவுக் காலம்' என்று மொழிபெயர்த்தனர். அம்மொழிபெயர்ப்பு முழுமையானது அன்று. ஏனெனில் அது கழிந்துபோன காலமும் இல்லை, கனவும் இல்லை. எப்படி வாழ வேண்டும், யாரை மணக்க வேண்டும், எந்த விலங்கைக் கொல்லலாகாது என்பதையெல்லாம் விதிக்கும் அறநூல் அதுவே. நடு ஆஸ்திரேலியாவின் அனங்கு மக்கள் அதனைச் 'சுக்குர்ப்பா' என்பர்.

இந்நூல் ஏட்டில் எழுதப்படவில்லை. பாட்டிலும், ஆட்டத்திலும், மணலில் வரைந்த கோலத்திலும் எழுதப்பட்டது. முன்னோர் நடந்த வழிகளைப் பாடும் நெடும்பாடல்கள் உண்டு. பாடலை வரிசை தவறாமல் பாடத் தெரிந்தவருக்கு வழியும் தெரியும், வழியிலுள்ள நீரூற்றும் தெரியும். எனவே அங்கு ஒரு மூதாட்டி இறந்துபோனால் ஒரு நூல்நிலையமே மூடப்பட்டதாகப் பொருள். ஒரு குழந்தையை அந்த மூதாட்டியிடமிருந்து பிரித்தாலும் அதே இழப்புத்தான்.

உறவு என்னும் கோட்டை

நிலத்திற்கு அடுத்தது உறவு. இங்கே தமிழராகிய நமக்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது. நாம் தாயின் உடன்பிறந்தாளைப் பெரியம்மா, சின்னம்மா என்கிறோம். தந்தையின் உடன்பிறந்தானைப் பெரியப்பா, சித்தப்பா என்கிறோம். அவர்களும் நமக்கு அம்மா, அப்பா போன்றவர்களே. அவர்கள் மக்கள் நமக்கு அண்ணன் தங்கையரே. ஆனால் தாய்மாமன் மக்களும் அத்தை மக்களும் முறைப்பிள்ளைகள். மேற்கு ஆஸ்திரேலியாவின் கரியெரா மக்களிடமும் ஏறத்தாழ இதே முறை இருந்தது. மானிடவியலார் நம் திராவிட உறவுமுறையையும் அவர்களின் உறவுமுறையையும் நெடுங்காலமாக ஒப்பிட்டு எழுதி வருகின்றனர். திருநெல்வேலியில் தொண்டாற்றிய கால்டுவெல் அவர்களும் தம் ஒப்பிலக்கண நூலில் ஆஸ்திரேலிய மொழிகளின் மூவிடப் பெயர்களுக்கும் நம் மொழிகளின் பெயர்களுக்கும் உள்ள ஒலி ஒற்றுமையைச் சுட்டினார். மொழிகளுக்குள் உறவு உண்டு என்பதைப் பிற்கால அறிஞர்கள் ஏற்கவில்லை. எனினும் நம்மைப் போலவே அவர்களும் உறவின் பெயரால் உலகை அளந்தவர்கள் என்பது உண்மை.

இத்தகைய சமுதாயத்தில் அனாதைக் குழந்தை என்ற சொல்லுக்கே இடமில்லை. பெற்றவள் இல்லாவிட்டால் மற்றத் தாய்மார் பலர் உண்டு. இதனை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்து வருவதைப் படிக்க வேண்டுகிறோம்.

கரைத்துவிடும் கொள்கை

குடியேற்றம் பரவப் பரவ அம்மையும் துப்பாக்கியும் ஆதிகுடிகளை அழித்தன. 1838-இல் மயால் கிரீக் என்னுமிடத்தில் குறைந்தது இருபத்தெட்டுப் பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் முதியோரும், வெட்டிக் கொல்லப்பட்டனர். அதற்காக எழுவர் தூக்கிலிடப்பட்டனர். அந்நாளில் இத்தகைய கொலைக்குத் தண்டனை கிடைத்ததே அரிய செய்தியாயிற்று.

பிறகு வந்தன 'பாதுகாப்பு'ச் சட்டங்கள். விக்டோரியாவில் 1869-இலும், குவீன்ஸ்லாந்தில் 1897-இலும், மேற்கு ஆஸ்திரேலியாவில் 1905-இலும், நியூ சவுத் வேல்ஸில் 1909-இலும் அவை இயற்றப்பட்டன. எங்கு வாழ்வது, யாரை மணப்பது, எங்கே வேலை செய்வது என்பதை அதிகாரிகள் தீர்மானித்தனர். 1905-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதினாறு வயதுக்குட்பட்ட ஆதிகுடிக் குழந்தை ஒவ்வொன்றுக்கும் சட்டப்படியான காப்பாளர் தலைமைப் பாதுகாவலர் என்னும் அரசு அலுவலரே. பெற்ற தாய் அல்லள். நியூ சவுத் வேல்ஸில் 1915-இல் செய்த திருத்தம், குழந்தை கவனிப்பாரற்று இருக்கிறது என்று நீதிமன்றத்தில் மெய்ப்பிக்காமலே அதனை எடுத்துச் செல்ல வாரியத்திற்கு அதிகாரம் தந்தது.

முக்கியமாக எடுத்துச் செல்லப்பட்டவர்கள் ஆதிகுடித் தாய்க்கும் வெள்ளைத் தந்தைக்கும் பிறந்த, சற்று வெளுத்த நிறமுடைய குழந்தைகள். இவர்களை வெள்ளையர் சமுதாயத்தில் கலந்துவிட்டால் சில தலைமுறைகளில் ஆதிகுடி அடையாளமே மறைந்துவிடும் என எண்ணினர். 1937-இல் கான்பெராவில் கூடிய அதிகாரிகள் மாநாடு, கலப்புக் குருதியினரின் எதிர்காலம் வெள்ளை மக்களுள் கரைந்துபோவதே என்று வெளிப்படையாகத் தீர்மானித்தது. 1951-க்குப் பின் 'எல்லோரும் ஒரே மாதிரி வாழ வேண்டும்' என்ற பெயரில் அதே கொள்கை தொடர்ந்தது.

பெரியவர்களையும் அது விடவில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவில் 1944-இல் வந்த ஒரு சட்டம், ஆதிகுடி ஒருவர் விண்ணப்பித்தால் குடியுரிமைச் சான்றிதழ் வழங்கும் என்றது. அதற்கு நிபந்தனை என்ன தெரியுமா? மிக நெருங்கிய இரத்த உறவினர் தவிர, தம் குடியினரோடு இரண்டாண்டுகளாகத் தொடர்பு வைத்துக்கொள்ளவில்லை என்று அவர் காட்ட வேண்டும்! சொந்த மண்ணில் குடிமகனாவதற்குச் சொந்தச் சித்தியின் வீட்டு வாயிலை மிதிக்காதிருக்க வேண்டும்.

மூன்று சிறுமியர்

சட்டங்களைச் சொல்வது எளிது. அவை ஒரு பிள்ளையின் வாழ்வில் என்ன செய்தன என்பதை அறிய, எங்கள் நெஞ்சை விட்டு அகலாத ஒரு வரலாற்றைக் கூறுகிறோம்.

1931-ஆம் ஆண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவின் வடக்கே ஜிகலாங் என்னும் சிற்றூர். மோலி என்ற பெண்ணுக்கு வயது பதினான்கு, டெய்சிக்கு எட்டு, கிரேசி இருவருக்கும் இடைப்பட்டவள். நெருங்கிய உறவினரான இம்மூவரும் தம் குடி வழக்கின்படி அக்காள் தங்கையரே. அரசு ஆணையுடன் வந்த காவலர் இவர்களைத் தாய்மாரிடமிருந்து பிரித்துத் தெற்கே, பெர்த் நகருக்கு வடக்கே உள்ள மூர் ஆற்றுக் குடியிருப்புக்கு அனுப்பினார். அங்கே பூட்டிய படுக்கையறைகள். தாய்மொழி பேசத் தடை.

மோலி அங்கே தங்கவில்லை. தங்கையர் இருவரையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டாள். கையில் படமும் இல்லை, பணமும் இல்லை. ஆனால் அவளுக்கு ஒன்று தெரியும்: முயல்கள் பரவாமல் தடுக்க அரசு நாட்டின் குறுக்கே 1,800 கிலோமீட்டருக்கும் நீளமாக ஒரு வேலி போட்டிருந்தது, அவ்வேலி அவள் ஊர் வழியே செல்கிறது. வேலியைக் கண்டுபிடித்தால் வீட்டைக் கண்டுபிடித்துவிடலாம். முயல் பிடித்துத் தின்றும், பண்ணை வீடுகளில் இரந்து உண்டும், தங்கைகள் கால் புண்ணாகி அழுதபோது மாறி மாறிச் சுமந்தும், தேடி வந்த காவலர் கண்ணில் படாமல் ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் நடந்தார்கள். வழியில் தன் தாய் வேறோர் ஊரில் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் பிரிந்து சென்ற கிரேசி பிடிபட்டாள். மோலியும் டெய்சியும் ஏறக்குறைய ஒன்பது வாரத்தில் வீடு சேர்ந்தனர்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நாம் மகிழ்ச்சியோடு ஏட்டை மூடியிருப்போம். மணமாகி இரு பெண்களுக்குத் தாயான பின், 1940-இல் மோலியை மீண்டும் அதே குடியிருப்புக்குக் கொண்டு சென்றனர். அடுத்த ஆண்டு கைக்குழந்தையை இடுப்பில் சுமந்துகொண்டு அவள் மறுமுறையும் நடந்தாள். மூத்த மகளை உடன் கொண்டுவர முடியவில்லை. சில ஆண்டுகளில் அக்கைக்குழந்தையையும் எடுத்துச் சென்றுவிட்டனர். மோலி அவளை மீண்டும் காணவே இல்லை. விட்டு வந்த மூத்த மகள் டோரிஸ் இருபது ஆண்டுகளுக்குப் பின்னரே தாயைக் கண்டாள். பிற்காலத்தில் அவர் டோரிஸ் பில்கிங்டன் கரிமாரா என்ற பெயரில் எழுத்தாளராகி, தாயின் நெடும்பயணத்தை 1996-இல் நூலாக எழுதினார். 2002-இல் அது திரைப்படமாகவும் வந்தது.

பதினான்கு வயது என்பது நம் ஒன்பதாம் வகுப்பு. ஆனால் திசையறியவும், சுவடு மறைக்கவும், நீர் தேடவும், இளையோரைக் காக்கவும் அவளுக்குக் கற்றுக்கொடுத்தது எது? அழித்துவிட வேண்டுமென்று அரசு கருதிய அந்தப் பண்பாடே அல்லவா?

எங்களுக்குள் எழுந்த கேள்வி

மன்றக் கூட்டத்தில் இதைப் படித்து முடித்ததும் ஒரு தோழி எழுந்து, "பிள்ளைகளுக்குச் சோறும் துணியும் படிப்பும் கொடுப்பது நல்லதுதானே? நம் விடுதியிலும் வீட்டை விட்டு வந்து படிக்கிறோமே!" என்று கேட்டாள். நேர்மையான கேள்வி. நெடுநேரம் பேசினோம்.

எங்களுக்குக் கிடைத்த விடை இது. விடுதிக்கு நம்மை அனுப்பியவர்கள் நம் பெற்றோர். மாதந்தோறும் பார்க்க வருகிறார்கள், கடிதம் எழுதுகிறார்கள், விடுமுறைக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடுகிறோம். அந்தப் பிள்ளைகளுக்கோ தாய் இறந்துவிட்டாள் என்றோ, உன்னை வேண்டாமென்று விட்டுவிட்டாள் என்றோ சொல்லப்பட்டது. தாய்மார் எழுதிய கடிதங்கள் பல, பிள்ளைகளின் கைக்கு எட்டவில்லை. கற்றுக்கொடுத்த கல்வியும் எத்தகையது? நியூ சவுத் வேல்ஸில் கூட்டமுண்ட்ரா இல்லத்துப் பெண்கள் வெள்ளையர் வீட்டு வேலைக்காரிகளாகவே பயிற்றப்பட்டனர். அவர்களின் கூலியை வாரியம் வாங்கி வைத்துக்கொண்டது. பலருக்கு அது கடைசிவரை கிடைக்கவில்லை. குற்றம் கல்வியில் இல்லை. கல்விக்கு விலையாகத் தாயையும் தாய்மொழியையும் கேட்டதே குற்றம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். இத்தகைய இல்லங்கள் பலவற்றை நடத்தியவை கிறிஸ்தவ சபைகள். கத்தோலிக்கத் திருச்சபையும் அவற்றுள் ஒன்று. அன்புள்ளம் கொண்ட அருட்சகோதரிகளும் குருக்களும் அங்கே இருந்தனர். ஆனால் அநீதியான ஓர் ஏற்பாட்டில் அன்புள்ளவர்களும் கருவியாகிவிட முடியும் என்பதே நாம் கற்க வேண்டிய கசப்பான பாடம். பிற்காலத்தில் சபைகள் மன்னிப்புக் கேட்டன. 1986 நவம்பரில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் ஆதிகுடி மக்களைச் சந்தித்த திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், அவர்களுடைய பண்பாட்டை அழியவிடக் கூடாது என்றும், அவர்கள் தம் பங்கைத் தந்து மற்றவர்கள் அதனை மகிழ்ந்து ஏற்கும் வரை அந்நாட்டுத் திருச்சபை நிறைவு பெறாது என்றும் உரைத்தார்.

அணையாத நெருப்பு

கரைந்துவிடுவார்கள் என்று எண்ணப்பட்டவர்கள் கரையவில்லை. பாப்புன்யா என்ற ஊரே பல குடியினரை ஒன்றுசேர்த்து மாற்றியமைக்க அரசு ஏற்படுத்திய குடியிருப்பு. 1971-இல் அங்கே ஜெப்ரி பார்டன் என்ற ஓவிய ஆசிரியரின் ஊக்கத்தால் ஊர்ப் பெரியவர்கள் பள்ளிக்கூடச் சுவரில் தேனெறும்பின் வரலாற்றை வரைந்தனர். மணலில் வரைந்துவந்த புள்ளிகளும் வட்டங்களும் அன்று சுவரில் ஏறின. பிறகு பலகையிலும் துணியிலும் ஏறி உலகின் கலைக்கூடங்களை அடைந்தன. பழையதை மறக்கச் செய்யக் கட்டிய பள்ளிச் சுவரே பழையதைப் பேசத் தொடங்கியது!

மொழியும் உயிர்த்தது. அடிலெய்டு நகரின் கௌர்னா மொழியைச் சரளமாகப் பேசிய கடைசி மூதாட்டி எனக் கருதப்படும் இவாரிட்ஜி 1929-இல் மறைந்தார். அதற்குப் பல்லாண்டுகளுக்கு முன், டைக்கல்மான், ஷூர்மான் என்ற இரு ஜெர்மானிய மறைப்பணியாளர்கள் அம்மொழியைக் கற்று, அம்மொழியிலேயே பள்ளி நடத்தி, 1840-இல் இலக்கணமும் சொற்றொகுதியும் அச்சிட்டிருந்தனர். சில ஆண்டுகளில் அரசு அப்பள்ளியை மூடி ஆங்கிலப் பள்ளி திறந்தது. ஆனால் அச்சிட்ட நூல் அழியவில்லை. 1990-ஐ ஒட்டி அக்குடியினர் அந்நூலைக் கொண்டே மொழியைத் திரும்பக் கற்கத் தொடங்கினர். இன்று அம்மொழியில் பாடுகிறார்கள். விழாக்களில் வரவேற்புரை கூறுகிறார்கள். "நீனா மார்னி?" என்றால் "நீ நலமா?" என்பது பொருள். நம் காதுக்கு அந்த 'நீ' எவ்வளவு இனிக்கிறது!

கவிதையிலும் விளையாட்டிலும் பெண்கள் முன்னே நின்றனர். பதின்மூன்று வயதில் பள்ளியை விட்டு வீட்டு வேலைக்குச் சென்ற கேத் வாக்கர், 1964-இல் கவிதை நூல் வெளியிட்ட முதல் ஆதிகுடியினரானார். வெள்ளையர் குடியேறி இருநூறாண்டு நிறைவதை விழாவாகக் கொண்டாட அரசு முற்பட்டபோது, தமக்கு அளித்த பிரிட்டிஷ் விருதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஊட்ஜெரூ நுனுக்கல் என்று தம் குடிப்பெயரையே சூடிக்கொண்டார். 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓட்டத்தில் பொன் வென்ற கேத்தி பிரீமன், நாட்டுக் கொடியோடு கறுப்பும் சிவப்பும் மஞ்சளுமான ஆதிகுடிக் கொடியையும் ஏந்தி வலம் வந்தார். அவருடைய பாட்டி, தாயிடமிருந்து பறிக்கப்பட்ட குழந்தைகளுள் ஒருவர்.

சட்டத்தின் முன்

1967-இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் வாக்களித்து, அரசியலமைப்பில் ஆதிகுடிகளை ஒதுக்கிய சொற்களை நீக்கினர். 1985-இல் ஊலுரு என்னும் மாபெரும் செம்பாறை அனங்கு மக்களிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது. 1992-இல் எடி மாபோ தொடுத்த வழக்கில், ஆஸ்திரேலியா யாருக்கும் உரிமையற்ற நிலமாக இருந்தது என்ற வாதம் பொய்யென உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பைக் கேட்க மாபோ உயிருடன் இல்லை. சில மாதங்களுக்கு முன்பே மறைந்துவிட்டார். 1997-இல் வெளிவந்த விசாரணை அறிக்கை, 1910 முதல் 1970 வரை ஆதிகுடிக் குழந்தைகளுள் பத்தில் ஒருவர் முதல் மூவரில் ஒருவர் வரை பிரிக்கப்பட்டனர் என்று கணித்தது. 2008 பிப்ரவரி 13-ஆம் நாள் பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார்.

ஆயினும் பாதை முடியவில்லை. நாடாளுமன்றத்திற்கு ஆலோசனை கூற ஆதிகுடிகளுக்கு ஓர் அவை வேண்டும் என்ற திட்டத்தை 2023-ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் நூற்றுக்கு அறுபது பேர் மறுத்துவிட்டனர். இன்று குழந்தைகள் முதல்மொழியாகக் கற்றுவரும் ஆதிகுடி மொழிகள் பன்னிரண்டு பதின்மூன்றே. ஆனால் 2021 மக்கள்தொகைக் கணக்கில் தம்மை ஆதிகுடியினர் என்றும் டாரஸ் நீரிணைத் தீவினர் என்றும் பதிவு செய்தவர்கள் எட்டு இலட்சத்துக்கு மேல். மறைந்துபோவார்கள் என்று 1937-இல் எழுதியவர்களுக்கு அதுவே மறுமொழி.

நாம் செய்யக்கூடியது

தோழியரே! தொலைநாட்டுக் கதைதானே என்று இதனை நாம் ஒதுக்கிவிட வேண்டாம். நம்மினும் வேறுபட்டவரைக் காணும்போது "இவர்களைத் திருத்த வேண்டும்" என்ற எண்ணம் நமக்கும் எழுவதுண்டு. நம் வகுப்பில் மலையூரிலிருந்து வந்து சேரும் ஒரு பெண்ணின் பேச்சைக் கேட்டு நாம் சிரித்தால், அவள் நாளடைவில் அப்பேச்சை மறைக்கக் கற்றுக்கொள்வாள். சட்டம் எதுவும் இயற்றாமலே நாம் அவளிடமிருந்து ஒன்றைப் பறித்தவர்களாவோம். உதவி செய்யப் புறப்படுமுன், "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டுவிட்டு, விடை வரும்வரை பொறுத்திருப்போம்.

இந்த விடுமுறையில் ஒரு சிறு பணியையும் மேற்கொள்வோமாக. பாட்டியின் அருகில் அமர்ந்து, அவர் பிறந்த ஊரின் பெயரையும், அவ்வூரில் பாடிய தாலாட்டையும், நடவுப் பாட்டையும் கேட்டு ஒரு ஏட்டில் எழுதி வைப்போம். 1840-இல் அச்சான ஒரு சிறு நூல் நூற்றைம்பது ஆண்டு கழித்து ஒரு மொழிக்கு உயிர் தந்தது. நாம் எழுதும் ஏடு யாருக்கு, என்று பயன்படும் என்பதை யார் அறிவார்?